யானையின் மடி

ஜூலை 27

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி அப்பாவுடையது. பந்தல் கடை முதலாளி புது வருடத்துக்குக் கொடுத்தது. அப்பா அதை அலமாரியில் வைத்ததோடு சரி. எழுதுகிற அளவுக்கு என் நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை என்று நானும் தொடாமல்தான் இருந்தேன். இன்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, வாயால் சொல்ல வரவில்லை. அப்பா கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மாரி அக்காவின் மாமியார் பொன்னுத்தாய் அத்தை சாத்தூரிலிருந்து வந்திருந்தார். பேத்தி ஓவியாவுக்கு முடி இறக்கிக் காது குத்த நாள் பார்த்துவிட்டார்களாம். ஆகஸ்ட் 31, அவர்கள் குலதெய்வம் கோயிலில். அம்மா காப்பி கொடுத்தாள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"எல்லாஞ் சரி மதினி. மாமன் மடிக்கு எங்க போவீக?"

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். அக்கா, அப்புறம் நான். எனக்குப் பின்னால் யாருமில்லை. பிள்ளைக்கு மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும்.

"பெரியவுக மகன் வீரபெருமாள் இருக்கான்லா? அவன் வந்து உக்காருவான்" என்று என் பெரியப்பா மகனைச் சொன்னாள் அம்மா.

"வந்தாச் சரி. வரலைன்னாலும் ஒண்ணுமில்ல, எங்க அண்ணன் மகன் ராசபாண்டி இருக்கான். அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதான். ஆனா ஒண்ணு மதினி. பொறந்த வீட்டு மடி இல்லாம காது குத்துனா, நாளப்பின்ன என் மருமவளத்தான் நாலு பேரு சொல்லுவாக. எனக்கென்ன?"

அத்தை பேசியதில் வஞ்சகம் இல்லை. அதனால்தான் அம்மாவால் கோபப்படவும் முடியவில்லை. நான் அடுக்களையில் நின்று, கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28

அக்கா போன் செய்தாள். "யாரா இருந்தாலும் சரிட்டி, நம்ம வீட்டு ஆளு ஒருத்தரு உக்காரணும். இல்லாட்டி எனக்கு அந்த வீட்டுல ஒரு மாதிரி ஆயிரும்" என்றாள்.

பெருமாள் அண்ணன் வருவார் என்றேன். "ஓவியாவுக்குக் காதுகிட்ட யாரும் கைய கொண்டுபோனாலே வீடு இடியிற மாதிரி கத்துதா. மூஞ்சில காத்து அடிச்சா மட்டும் வாயத் தொறந்துக்கிட்டு அப்படியே இருக்கா" என்றாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 30

ஓவியாவின் காதுகுத்துக்கு ஒரு யானை செய்யலாம் என்று இருக்கிறேன். உட்கார்ந்திருக்கிற யானை. அதன் மடிதான் இருக்கை. தலைக்கு இரண்டு பக்கமும் பெரிய காதுகள். பின்னாலிருந்து கம்பியை இழுத்தால் காதுகள் விசிறி மாதிரி அசையும். உட்கார்ந்திருப்பவர் முகத்தில் காற்று அடிக்கும்.

இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை. அக்கா வளைகாப்புக்கு வளையல் மரம் செய்தேன். கைப்பிடியைச் சுற்றினால் மரம் சுற்றும், கிளை கிளையாக வளையல் குலுங்கும். யார் செய்தது என்று எல்லோரும் கேட்டபோது நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். அப்பா வேலை பார்க்கும் பந்தல் கடை முதலாளியின் பேத்தி பிறந்தநாளுக்கு, கேக்கை வெட்டியதும் குடை விரிந்து பூக்கொட்டுகிற மாதிரி ஒன்று. அது கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டது. ஆனாலும் கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். பி.எஸ்சி. இயற்பியல். "படிச்ச புள்ள, அவகிட்டக் கேளுங்க" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். கேட்டால் எனக்குக் குரல் வராது. கல்லூரி வைவாவில் வாய்மொழியாகக் கேள்வி கேட்க வந்த அம்மா, "எக்ஸ்பெரிமெண்ட் நல்லா செஞ்சிருக்கே, வாயத் தொறந்து சொல்லேன்மா" என்று கெஞ்சினார்கள்.

அப்பாவிடம் யானையைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "ஆடி மாசந்தான, கல்யாணப் பந்தல் வேலை கெடையாது. ஒடஞ்ச மூங்கிலு எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார்.

ஆகஸ்ட் 3

யானையின் கூடு கட்டி முடித்தேன். மூங்கிலை வளைத்துக் கட்டுக்கம்பியால் முடிச்சு. மடிக்கு மட்டும் பழைய பந்தல் மேடையின் பலகை. ஓவியா உட்கார ஒரு சாண் அகலம் போதும். இது அதைவிட நிறைய அகலமாக வந்துவிட்டது. பலகை அந்த அளவில்தான் கிடைத்தது.

ஆகஸ்ட் 5

காகிதம் ஒட்டக் காய்ச்சி வைத்த மைதாப் பசையை, சோறு வடித்த கஞ்சி என்று நினைத்து அம்மா பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊற்றிவிட்டாள். சாயங்காலம் வரை போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

அப்பா யானையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பந்தல் காலை உலுக்குகிற மாதிரி மடிப்பலகையை உலுக்கினார்.

"எம்புட்டுத் தாங்கும்?"

"என்னத் தாங்குது."

"ஒன்னத் தாங்குனாப் போதுமா? பெருமாளு மடியிலதான புள்ள உக்காரணும். அவன் ஒரு மூட அரிசி கனம் இருப்பான். அடியில ரெண்டு கட்டை கூடக் குடு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏறி உட்கார்ந்து பார்க்க வீட்டில் நான்தானே இருக்கிறேன். நாளைக்குக் கட்டை கொடுக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 12

இன்றைக்கும் கட்டை கொடுக்கவில்லை. தும்பிக்கை வேலை இருந்தது.

ஆகஸ்ட் 16

இன்றைக்கு மானம் போயிருக்கும். போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

யானைக்குத் தோல், பந்தல் கடையில் மழைக்கு மூடக் கொடுக்கும் பழைய பிளெக்ஸ் பேனர்தான். அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பி, வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துச் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தேன். உடம்பு பிரமாதமாக வந்திருந்தது. சைக்கிள் பிரேக் கேபிள் இரண்டு போட்டுக் காதுகளையும் மாட்டிவிட்டு, "இழுங்கப்பா" என்றேன். நானும் அம்மாவும் எதிரே நின்று பார்த்தோம்.

அப்பா இழுத்தார். காதுகள் இரண்டும் அழகாக முன்னால் மடங்கி வந்தன. உடம்புக்கு உள்பக்கம் உண்டு. காதுக்கு ஏது? வலது காதின் முதுகில் கறுப்பு எழுத்தில் "கண்ணீர்" என்று இருந்தது. இடது காதில் "அஞ்சலி". அதற்குக் கீழே மீசை வைத்த யாரோ ஒருவர் பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி! நல்ல காரியத்துக்கு எளவு பேனரா?"

யானைக்குப் பின்னால் குனிந்திருந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேபிளை இழுத்துக்கொண்டே, "நல்லா வேல செய்யுதுல்லா?" என்று கேட்டார். கண்ணீர் அஞ்சலி, கண்ணீர் அஞ்சலி என்று யானை விசிறியது. நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காதை மட்டும் மாற்றினால் போதும் என்றேன்.

"ஒடம்புக்குள்ள?"

"உள்ளதான இருக்கு. யாரும் பாக்க மாட்டாகம்மா."

"சாமி பாக்கும்லா? உரிச்சுப் போடு."

ஒரு வாரத்து வேலை. உரித்துப் போட்டேன். கோயில் கூட்டத்துக்கு நடுவில் முதல் தடவையாக அந்தக் காதுகள் மடங்கியிருந்தால் அக்கா என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்தால், உரிப்பது சந்தோஷமாகவே இருந்தது.

ஆகஸ்ட் 20

புதுத் தோல் முடிந்தது. எல்லாம் கல்யாண பேனர். ஒவ்வொன்றையும் அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் வெட்ட விட்டாள். காதுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பெயிண்ட்.

பழைய தீட்டுப் போக வேண்டும் என்று அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அதோடு விடவில்லை. யானையின் நெற்றியில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்தாள். யானைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22

பெருமாள் அண்ணன் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தி, கோவிச்சுக்கிடாதீங்க. நம்ம தங்கச்சிக்கு அன்னைக்கே வளைகாப்பு வச்சுட்டாக. அவ வீட்டுக்காரரு பக்கம் வேற முகூர்த்தம் இல்லைங்காக. நான் போகாம இருக்க முடியுமா?"

"எங்கிட்ட ஒரு மாசமா வாறேன் வாறேன்னு சொன்னியேப்பா."

"சித்தி, கூடப்பொறந்தவ கூப்புடுதா. நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

அம்மா என்ன சொல்வாள்? "போயிட்டு வாய்யா. நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முப்பது வருடமாக ஊரில் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் பந்தல் போடுகிறவர். பந்தலை முடித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். சொந்த விசேஷத்திலும் அப்படித்தான்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் ராத்திரி நான் மூன்று தோசை சாப்பிட்டேன். அம்மா கவனித்தாள்.

ஆகஸ்ட் 23

அடியில் கூடுதல் கட்டை இனிமேல் வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 26

அக்கா போன் செய்தாள். ராசபாண்டி அண்ணன்தான் உட்காரப் போகிறாராம். பஸ் கண்டக்டர், நல்ல மனிதர். அதற்காக லீவு போட்டுவிட்டாராம்.

"சரி விடு. யானையாவது நம்ம வீட்டு யானைதான" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுடைய சைக்கிளை வீட்டில் விற்றபோது அவள் அழாமல் சிரித்த சிரிப்பு.

அவளிடம் ஒன்று கேட்க நினைத்தேன். டவர் சரியில்லை.

அவள் பேசியது எல்லாம் தெளிவாகவே கேட்டது.

ஆகஸ்ட் 30

கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். தந்தங்களுக்கு இரண்டாவது தடவை வெள்ளை அடித்தேன். மடிப்பலகையில் பழைய மெத்தையை வெட்டி வைத்துச் சிவப்புத் துணி போர்த்தினேன். உட்கார்ந்து பார்த்தேன். சரியாக இருந்தது. ஓவியா அளவுக்கு ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டும் பார்த்தேன். காற்று தலையணையின் மேல் சரியாக அடிக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

நாளைக்குச் சுடிதார் வேண்டாம், உன் பச்சைச் சேலையைக் கொடு என்று அம்மாவிடம் கேட்டேன். சேலை என்றாலே ஓடுகிறவள் நான். சுடிதார் அயர்ன் பண்ணவில்லை என்றேன். அம்மா எடுத்துக் கொடுத்தாள். சேஃப்டி பின்னையும் சேர்த்து.

ஆகஸ்ட் 31

முடிந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது.

இரண்டு கால்களும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. பச்சைச் சேலையின் மடிப்பெல்லாம் குட்டி குட்டி முடி. ஓவியாவின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, அதுவும் சேலையில்தான். இடது காதுக்கு அழுதாள். கோயில் மணி கெட்டது, அப்படி ஒரு குரல். வலது காதுக்கு அப்பா பின்னாலிருந்து கேபிளை இழுக்கத் தொடங்கினார். காற்று வந்தது. வாயைத் திறந்துகொண்டு யானைக் காதையே பார்த்தாள். ஆசாரி குத்தியதும் திருகு மாட்டியதும் அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரிந்தது. அவள் விரல்கள் என் கட்டைவிரலைப் பிடித்திருந்தன.

அக்கா அழவில்லை. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். புகைதான் காரணம் என்றார்.

காலையில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

யானையை லோடு வண்டியில்தான் ஏற்றினோம். அந்த வண்டிக்கு ஊரில் குட்டியானை என்றுதான் பேர். "குட்டியானை மேல பெரிய யானை போகுதுடோய்" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். சீர்த் தட்டுகளோடு நாங்கள் வேனில் பின்னால் போனோம்.

கோயிலில் ஆலமரத்தடியில் இறக்கி வைத்தோம். நான் தட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் யானையைச் சுற்றிக் கூட்டம். ஒரு பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் தோப்புக்கரணம் போட்டார். யாரோ அருகம்புல் பறித்து வந்து காலடியில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்த யானை. மடி வேறு. நெற்றியில் பட்டையும் குங்குமமும். நான் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருந்தது பிள்ளையாரை.

"பிள்ளையாருன்னா எலிய எங்கய்யா? அடுத்த வண்டியில வருதா?" என்று அத்தானின் சித்தப்பா கேட்டார். சிரித்தார்கள். ஆனால் கற்பூரத்தை யாரும் அணைக்கவில்லை.

நாவிதர் கத்தியைத் தீட்டி முடித்துவிட்டார். ராசபாண்டி அண்ணன் பட்டு வேட்டியில் வந்தார். யானையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அதோடு நின்றுவிட்டார்.

"ஏல, உக்காருல. நேரம் போகுது" என்றார் அத்தை.

"எங்க உக்கார?"

"அந்தா, மடியிலதான்."

"அத்தை, வெளையாடுதீங்களா? தெனம் காலையில வண்டி எடுக்கும்போது டிரைவரு இவருக்குத்தான் சூடம் காட்டுதாரு. இவரு மடியில போயி என்னிய உக்காரச் சொல்லுதீங்க. நாளைக்கு எங்க பஸ்ஸு ஊரு போயிச் சேர வேண்டாமா?"

"அடேய், அது பொம்மடா."

"பட்டை போட்டுருக்கு. சூடமும் ஏத்தியாச்சு. நான் மாட்டேன் அத்தை."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பட்டையைத் துடைத்துவிடலாம் என்றால், வைத்த திருநீற்றை அழிக்கிற கை அங்கே யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அத்தை ஒரு நிமிடம் யோசித்தார். அவர் எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்கிறவர் இல்லை. "சரி. யானைய அந்தப் பக்கமாத் தள்ளி வைங்க. கீழ மணையப் போடுங்க. ராசபாண்டி, நீ மணையில உக்காரு. மாரி, புள்ளையக் கொண்டா."

நான்கு பேர் யானையைத் தூக்க வந்தார்கள். ஒருவர் தும்பிக்கையைப் பிடித்தார். அப்பா கேபிளைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றார். தூக்கினால் தூக்கட்டும் என்று இருந்தார். ஆனால் கேபிளை மட்டும் விடவில்லை. அக்கா ஓவியாவைத் தோளில் போட்டுக்கொண்டு மணைப் பக்கம் நடந்தாள். என்னைக் கடந்து போகும்போது அதே சைக்கிள் சிரிப்பு.

"தூக்காதீங்க."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது சாமி இல்ல. நான் செஞ்சது."

"நீயா?" என்றார் அத்தை. வளையல் மரத்தை யார் செய்தது என்பதுகூட அவருக்கு இன்றுவரை தெரியாது.

"நாந்தான் அத்தை. மூங்கிலு, பேனரு, சைக்கிள் கேபிளு. உக்காருததுக்குத்தான் செஞ்சேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் பாத்திரம் விளக்கப் போய்விடுவேன். கோயிலில் விளக்கப் பாத்திரம் எதுவும் இல்லை. அக்கா நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அவள் தோளிலிருந்து ஓவியாவும் என்னைப் பார்த்தாள்.

"அதான் கேக்கேன்" என்றார் அத்தை. இடுப்பில் கை வைத்திருந்தார், ஆனால் குரலில் கோபம் இல்லை. "பெருமாளு வரல. ராசபாண்டி மாட்டேங்கான். பெறகு யாரு உக்காருததுக்குட்டி செஞ்ச?"

பச்சைச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கேட்டேன்.

"அத்தை, ஓவியாவ நான் என் மடியில வச்சுக்கிடட்டுமா?"